இல்லாத இரண்டாவது கியர்

பேய் பார்த்தேன் என்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நடுராத்திரி... வேறு சரக்கே கிடையாது அவர்களிடம். எனக்கு நடந்ததில் புடவையும் இல்லை, ராத்திரியும் இல்லை. சாயங்காலம் ஐந்து நாற்பது, நல்ல வெயில். நம்பாவிட்டால் போங்கள். நடந்தது நடந்ததுதான்.

என் டீசல் பிக்கப்புக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜின் கல் மாதிரி இருக்கும். பின்னால் டிரெய்லரில் கம்ப்ரசரை மாட்டி, மலைமேல் குவாரிக்கு இழுத்துப் போவதும் இறக்கி வருவதும்தான் பிழைப்பு. ஊரை விட்டு வந்து பதினொரு வருடம். அறையில் பேச ஆள் இல்லை. அதனால் வண்டியோடு பேசுவேன். பெரும்பாலும் திட்டுதான்.

அதன் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஏற்றத்தில் வழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் கத்தும், வண்டி நகராது. மெக்கானிக்கிடம் போனேன். ஸ்குரூடிரைவரைக் காதில் வைத்து இன்ஜினைக் கேட்கிற ஆள். அதனால் எல்லாருக்கும் அவர் டாக்டர். அந்தக் கியர் பாக்ஸையே பிரித்துச் சரிசெய்து, ஆயில் சூடாகாமலிருக்கத் தனியாக ஒரு கூலர் வைத்தால் பாரம் இழுக்க அதுவே போதும் என்றார்.

“கியர் போடத் தெரியாதவனுக்குத்தான் ஆட்டோமேட்டிக்,” என்றேன்.

“தெரிஞ்ச கைதான் தலைவரே, கிளட்ச்சக் கருக்கிட்டு இங்க வந்து நிக்குது.”

நான் கேட்கவில்லை. பழைய இரும்புக் கடையில் அதே மாடல் வண்டி ஒன்று முகம் நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து ஐந்து கியர் பாக்ஸ், கிளட்ச், லிவர் எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வந்தேன். பிரித்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது என்று டாக்டர் இழுத்தார்.

“டாக்டர்னு பேர் வெச்சா எல்லாத்தையும் ஆபரேஷன் பண்ணணுமா? மாட்டுங்க.”

மாட்டினார். முதல் நாளே தெரிந்துவிட்டது, இரண்டாவது கியர் பிடிக்கவில்லை. லிவர் உள்ளே போகும், இன்ஜின் சும்மா உறுமும். திரும்பிப் போய் அந்த ஆளிடம் பல்லைக் காட்டுவதா? ஒன்றிலிருந்து நேராக மூன்றுக்குப் போட்டு ஓட்டினேன்.

வண்டியை எப்போதும் முதல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைப்பேன். மூன்றாம் நாள் காலை ஆறு பத்து. லிவர் இரண்டில் நின்றது. மறதி என்று நினைத்தேன். மறுநாளும் இரண்டில். டாக்டரின் சேட்டையாக இருக்கும் என்று கதவைப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

காலையில் இரண்டில்தான் நின்றது. லிவரின் குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது... அப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி.

மலையடிவாரத்து வளைவில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. மொத்தம் பதினொரு பேர். ஒரு பெண் சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துவாள். அன்று காலை மலையேறும்போது, கொடி ஆட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று அவளிடம் நக்கலடித்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் கம்ப்ரசரோடு இறங்கினேன். முதல் கியரில் இறங்கினால் நத்தை மாதிரி ஊர வேண்டும். அதெல்லாம் பயந்தவனுக்கு. மூன்றில் போட்டு, பிரேக்கை அழுத்தியே வந்தேன்.

ஐந்து முப்பத்தெட்டு. கருகிய வாடை.

ஐந்து முப்பத்தொன்பது. பிரேக் பெடல் தரை வரை போனது. எதுவும் பிடிக்கவில்லை.

பின்னால் டிரெய்லர் தள்ளியது. முதல் கியருக்குத் தள்ளிப் பார்த்தேன். கர்ர்ர்... போகவில்லை.

கீழே சிவப்புக் கொடி தெரிந்தது. அவளுக்குப் பின்னால் குனிந்து வேலை செய்யும் முதுகுகள். ஒருவரும் நிமிரவில்லை.

ஹாரனை அழுத்தினேன்.

அப்போது... லிவரில் இருந்த என் கையின் மேல் ஒரு கை.

கனமான கை.

காலடியில் கிளட்ச் தானாக இறங்கியது.

என் கையோடு சேர்த்து இழுத்தது...

டக்.

இரண்டு.

பிடித்தது.

இன்ஜின் அலறி, வண்டி முக்கி முக்கி நின்றது. கொடிக்காரப் பெண்ணுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம். அவள் நகரவே இல்லை. ஐந்து நாற்பது.

என் புறங்கையைப் பார்த்தேன். நான்கு விரல் தடம், கிரீஸில்.

மறுநாள் டாக்டர் பாக்ஸைப் பிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டாவது கியர் பல்சக்கரமே உள்ளே இல்லை. உடைந்ததை யாரோ எப்போதோ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இரும்பு வளையத்தைச் செருகியிருந்தார்கள்.

“இது எப்படி தலைவரே பிடிக்கும்?” என்றார். முதல் முறையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

இரும்புக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். அந்த வண்டியும் பிரேக் போய் அதே இறக்கத்தில் உருண்டதுதானாம். அந்தப் பல்சக்கரத்தை எடுத்ததை வண்டி முதலாளி டிரைவரிடம் சொல்லவே இல்லையாம்.

“லிவர் செகண்ட்லயே நின்னுச்சுங்க. செத்துப்போன டிரைவர் விரலப் பிரிக்கறதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு.”

அந்தப் பாக்ஸ், கிளட்ச், லிவர் எதுவும் இப்போது என் வண்டியில் இல்லை. பழைய ஆட்டோமேட்டிக்கையே டாக்டர் சரிசெய்து, கூலர் வைத்துத் தந்தார். வாய் திறக்காமல் வாங்கி வந்தேன். ராத்திரி லிவரை ‘P’-யில், அதாவது பார்க்கிங்கில் போட்டு, பூட்டிவிட்டுப் படுத்தேன்.

காலை ஆறு பத்து. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை; லிவர் பார்க்கிங்கை விட்டு நகர்ந்திருந்தால் ஆட்டோமேட்டிக் அப்படித்தான். குனிந்து பார்த்தேன்.

ஆட்டோமேட்டிக் லிவரிலும் ‘2’ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நின்றது.

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.