தமயந்தி எழுதிக் கொடுத்த இரண்டு பக்கம்

தமயந்தி மேடம் காலமாகிவிட்டார். ஊத்துக்குளியில் தன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், மாரடைப்பு. தொலைபேசியில் இதைச் சொன்னவர் அவருடைய தம்பி சிவகுமார். எங்கள் பனியன் நகரத்தின் ராயபுரத்தில் அவர் வேலை பார்த்த வங்கிக் கிளையின் மேலாளரும் பிறகு உறுதிசெய்தார். "அக்கா போன்ல உங்க பேருதானுங்க மேல இருந்துச்சு, அதான் மொதல்ல உங்களக் கூப்ட்டேன்" என்றார் சிவகுமார். முந்தின நாள் மாலை நான் அவரிடம் பேசியிருந்தேன். அடுத்த மாதம் நீதிமன்றத்துக்கு எந்த பஸ்ஸில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்பதுதான் பேச்சு. அவர் அங்கே ஒரு பெண்ணுக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

வங்கிக்கு வெளியே அவருடைய வேலை பலருக்குத் தெரியாது. ஒரு கணக்கின் வரவு செலவைப் பார்த்துத் தலைமை அலுவலகக் கணினி சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகம் நியாயமா என்று விசாரித்து எழுதுபவர் அவர். இணையத்தில் பிறரை ஏமாற்றிப் பறித்த பணத்தைக் கைமாற்ற, பனியன் தொழிலாளர்களின் கணக்குகளை மோசடிக்காரர்கள் பயன்படுத்துவது இப்போது இங்கே அடிக்கடி வரும் செய்தி. நாளிதழ் நிருபரான நான் அதற்கு விவரம் தேடித்தான் முதலில் அவரிடம் போனேன். யார்மேல் சந்தேகம் என்பதை வெளியே சொல்ல அவருக்குச் சட்டம் இடம் தரவில்லை. "எங்க வேலையில வாயத் தொறந்தா குத்தமுங்க. காப்பி குடிக்க மட்டும் தொறக்கலாம். குடிங்க" என்றார். பல ஆண்டுகள் குடித்தேன். ஒரு செய்திகூடக் கிடைக்கவில்லை.

அவர் வேலை செய்யும் விதத்தை ஒரு சனிக்கிழமை தற்செயலாகப் பார்த்தேன். ஓவர்டைம் பற்றி எழுத ஒரு கம்பெனிக்குப் போயிருந்தபோது, ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அவரும் உள்ளே வந்தார். இங்கே பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, தைக்கும் குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமை மாலை மொத்தக் குழுவின் சம்பளமும் ஒரே ஆளின் கணக்கில் விழும். சில நிமிடங்களில் அவர் மற்றவர்களுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார். கணினியின் கண்ணுக்கு அது அச்சு அசல் மோசடிக் கணக்கு. சம்பளம் எப்படி வருகிறது என்று தமயந்தி கேட்டதும், குழுவின் சம்பளத்தைத் தன் கணக்கில் வாங்கும், தெற்கேயிருந்து வந்த டெய்லர் சட்டென்று புரிந்துகொண்டார்.

"நான் கள்ளப்பணம் கடத்துறவன்னா இந்த மிஷின்ல ஏன் மேடம் குனிஞ்சு கெடக்கேன்? முதுகு வலிக்கு ஒரு லோனாவது குடுங்க."

"முதுகு வலிக்குத் தைலந்தானுங்க குடுப்பாங்க, லோன் எங்க குடுக்கறாங்க?" என்று சொல்லி, சிரிப்பு அடங்கும் முன்பே குழுவில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிக்கொண்டார். அந்தக் கணக்குக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை.

சனிக்கிழமைச் சம்பளத்தை அவ்வளவு நன்றாக அறிந்திருந்ததுதான் பிறகு அவரைத் தவறு செய்ய வைத்தது. செல்வராணி, தைத்த துணியில் பிழை பார்க்கும் செக்கிங் வேலை செய்பவர். தென்மாவட்டத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய கணக்கில்தான் குழுவின் சம்பளம் வரும். ஏடிஎம் அட்டையும் அந்தக் கணக்கோடு இணைத்த சிம் கார்டும் குழுவுக்கு வேலை பிடித்துத் தரும் கான்ட்ராக்டரிடம் இருந்தன. இதுவும் இங்கே யாரும் கேள்வி கேட்காத பழக்கம். ஒருநாள் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்த செல்வராணி நேராகத் தமயந்தியிடம் வந்தார்.

"மேடம், இந்தப் புதன்கிழமை வந்த துட்டு எங்களுது இல்ல. யாருதுன்னு பாத்துச் சொல்லுங்க."

"நடுவாரத்துல அட்வான்ஸ் போட்டிருப்பாங்க கண்ணு. சனிக்கிழமை கழிச்சுக்குவாங்க. பயப்படாம போ."

செல்வராணி நம்பிப் போனார். அது மோசடிப் பணம். அடுத்தடுத்த வாரங்களிலும் அதேபோல வந்து போனது. போலீஸ் வந்தபோது கான்ட்ராக்டர் ஊரில் இல்லை. கணக்கு முடக்கப்பட்டது. கணக்குக்குச் சொந்தக்காரர் என்பதால் செல்வராணி குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆனார். அவர் முன்கூட்டியே வங்கிக்கு வந்து சொன்னதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அது அந்த இரண்டு பெண்களுக்கு மட்டுமே தெரியும்.

அந்த வழக்கைப் பற்றிய செய்தியை நான்தான் எழுதினேன். "மோசடிக் கும்பலுக்கு உதவிய பனியன் கம்பெனிப் பெண்" என்று எழுதியிருந்தேன். காலை ஏழு மணிக்குத் தமயந்தி அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உதவுனாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அத எஃப்ஐஆர் சொல்லுதுங்களா, நீங்க சொல்றீங்களா?"

எஃப்ஐஆரில் அந்தச் சொல் இல்லை. மறுநாள் திருத்தம் வெளியிட்டோம், ஐந்தாம் பக்கத்தில், சின்ன எழுத்தில். "பெரிய எழுத்துல திட்டிட்டுச் சின்ன எழுத்துல மன்னிப்பாக்கும்?" என்று கேட்டார்.

அவர் ஏன் அப்படிக் கோபப்பட்டார் என்பது சில வாரங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் எழுதிக் கையொப்பமிட்ட இரண்டு பக்கக் கடிதம், செல்வராணியின் மனுவோடு நீதிமன்றத்தில் தாக்கல் ஆகியிருந்தது. அது அங்கே ஆவணமாகிவிட்டதால்தான் இப்போது இதை எழுத முடிகிறது. செல்வராணி எந்த நாளில் வந்தார், என்ன கேட்டார், தான் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார் என்பதையெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தார். "விசாரிக்க வேண்டிய நான் விசாரிக்கவில்லை. தவறு என்னுடையது" என்று முடிகிறது கடிதம்.

ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது இது வேண்டாம் என்று உடன் வேலை செய்தவர்கள் தடுத்திருக்கிறார்கள். துறை விசாரணை தொடங்கியது. பதவி உயர்வு நின்றது. இதை ஏன் எழுதிக் கொடுத்தீர்கள் என்று நானும் கேட்டேன். "நான் தப்புப் பண்ணுனத நான் எழுதறதுக்கு ஆருகிட்டீங்க உத்தரவு வாங்கோணும்?" என்றார். பிறகு, "அந்தப் புள்ள அன்னைக்கு அரை நாள் சம்பளத்த உட்டுப்போட்டு வந்துச்சுங்க" என்றார்.

திங்கட்கிழமை ஒரு வழக்கு விவரத்தில் சந்தேகம் வந்தது. கை தானாக அவர் எண்ணைத் தேடியது. மணி இரண்டுமுறை அடித்த பிறகுதான் நினைவு வந்து துண்டித்தேன். ஐந்து நிமிடத்தில் சிவகுமார் திருப்பி அழைத்தார். பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டேன் என்றேன். ஆனாலும் இருவரும் உடனே வைத்துவிடவில்லை.

காலை ஏழு மணிக்கு அவர் கேட்ட கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். ஒருவரின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைப் போடும்போதெல்லாம், அது ஆவணத்தின் சொல்லா, என் சொல்லா என்று அந்தக் குரலிலேயே கேட்டுப் பார்க்கிறேன். அந்தக் குரலை இன்னொருமுறை காதால் கேட்க வேண்டும்போல இருக்கிறது.

செல்வராணியின் கணக்கு இன்னும் முடக்கத்தில் இருக்கிறது. குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலிலிருந்து தன்னை நீக்கக் கோரும் அவருடைய மனு அடுத்த மாதம் இரண்டாம் வாரத்தில் விசாரணைக்கு வருகிறது. எழுதியவர் உயிரோடு இல்லாத நிலையில் அந்த இரண்டு பக்கங்களை நீதிமன்றம் ஏற்குமா என்பது அன்றுதான் தெரியும் என்கிறார் செல்வராணியின் வழக்கறிஞர்.