சுவரோவியத்துக்கு ஆகாதவர்

பூசை நடுவே தேவாலயம் முழுக்க இருமத் தொடங்கியது. முதலில் முன்வரிசைக் கிழவிகள், பிறகு பாடற்குழு, கடைசியில் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருந்த பாதிரியாரே. கண்ணைக் கசக்கியபடி எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் முதல் மணத்திலேயே விளங்கிவிட்டது. பீடத்துக்குப் பின்னாலிருந்த மேலறையில் என் அண்ணை சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் சன்னலைத் திறந்துவிட்டால் தீர்ந்துபோகும் காரியம். அந்த மேலறைக்குச் சன்னலே இல்லை; படிக்கட்டு வழியாகப் புகை நேராகக் கோயிலுக்குள் இறங்கியது.

நான் இருந்த கொலோன் நகரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டிய கிராமம் அது. எண்ணூறு, தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய ரோமனெஸ்க் பாணிக் கோயில். தடித்த கற்சுவர், அரைவட்ட வளைவுகள், பீடத்தின் பின்சுவரில் மங்கிப்போன கிறிஸ்து ஓவியம். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அண்ணையைத் திருப்பி அனுப்ப நாள் குறித்தபோது, அந்தப் பாதிரியார்தான் மேலறையைத் திறந்துவிட்டார். கோயிலுக்குள் இருப்பவரைப் பொலிஸ் வந்து பிடிப்பதில்லை. சட்டமில்லை, ஒரு வழக்கம். எனக்கு விசா இருந்தது, அண்ணைக்கு இல்லை. அதனால் ஞாயிறுதோறும் நான் சாமான் கட்டிக்கொண்டு போவேன். அண்ணையோ நெற்றியில் திருநீற்றுடன் ஓவியத்துக்கு முன்னால் நின்று, "உங்கட வீட்டில இருக்கிறன் ஐயா, கோவிக்காதேங்கோ" என்று கிறிஸ்துவுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் படியேறுவார்.

இருமல் அடங்கியதும் சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவி சம்பலை ருசி பார்க்கக்கூடக் கேட்டாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நம்பி நான் வீடு திரும்பினேன். என்ன பைத்தியக்காரத்தனம்!

அண்ணை அங்கே இருப்பது பிடிக்காதவர்கள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். ஆனால் கோயிலுக்குள் நின்று அகதி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மிளகாய்ப் புகை அவர்களுக்கு ஒரு மரியாதையான காரணத்தைக் கொடுத்தது. ஓவியம் கெட்டுவிடும் என்றார்கள். மரபுச்சின்னப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முறைப்பாடு போனது. வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். ஓவியத்தின் ஒவ்வொரு மூலையாக விளக்குப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய்ப் புகையும், ஹீட்டர் ஏற்றி இறக்கும் சூடும் பழைய சாயத்தை உரித்துவிடும் என்றார். மேலறையில் அடுப்பும் கூடாது, ஹீட்டரும் கூடாது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் இன்றுவரை என் வயிற்றெரிச்சல்.

அது தை மாதம். வெளியே பனி. கோயிலுக்கு வெளியே ஆபத்து என்று தெரிந்தும், பாதிரியார் அண்ணைக்காக வீடு வீடாகப் போய் ஒரு அறை கேட்டார். ஒருவர் பிள்ளைகள் வருகிறார்கள் என்றார், இன்னொருவர் சுவருக்குப் பூச்சு நடக்கிறது என்றார். இரண்டு கம்பளி உடுப்புகளைப் போட்டுக்கொண்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டபடி அண்ணை சில நாள் தாக்குப்பிடித்தார். பிறகு எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, இனி ஏலாது. பாவம் அந்தப் பாதர், என்னால அவருக்கும் கரைச்சல். நான் உன்னட்ட வாறன்."

"வெளிக்கிடாதேங்கோ அண்ணை, பிடிச்சிடுவாங்கள்" என்று கெஞ்சினேன். அவர் வெளிக்கிட்டுவிட்டார். பஸ் தரிப்பிடத்திலேயே பிடித்தார்கள். அனுப்பிவைத்தார்கள். வவுனியாவிலிருந்து ஒருமுறை பேசினார், சுகமாக இருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு யுத்தம் இறுகியது. யாரைக் கேட்டும் பதில் கிடைக்கவில்லை.

வருடங்கள் பல ஓடிவிட்டன. திருத்த வேலை முடிந்து கோயிலை மறுபடி திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் போயிருந்தேன். வழிகாட்டியாக ஒரு இளம்பெண். முற்காலத்தில் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர் இந்தக் கதவைத் தொட்டுவிட்டால் அரசனின் ஆட்கள்கூடத் தீண்டமாட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். ஓவியம் புதுப்பொலிவுடன் இருந்தது. குளிரும் ஈரமும் அதற்கு ஆகாதாம். அதனால் மாரிக் குளிர்காலம் முழுக்க ஒரே அளவு இளஞ்சூடு கொடுக்கிறார்களாம். சூடு அனுப்பும் இயந்திரம் மேலறையில் இருக்கிறது என்றாள். கல்லில் கை வைத்துப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அந்த மேலறையில் முன்பு யாராவது இருந்தார்களா?" என்று கேட்டேன்.

"அங்கேயா?" என்று சிரித்தாள். "சன்னல்கூட இல்லாத இடம். அப்போது இந்தச் சூடும் இல்லை, அந்தக் குளிரில் மனிதர் இருக்க முடியுமா?"