வாலடியில் சிவப்புச் சாயம்

கோழிப் பண்ணையில் அவளை எல்லாரும் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் தகரக் கூரை அதிரும். கை நீண்டால் எதிரில் இருப்பவன் கன்னம் பழுக்கும். குடித்துவிட்டு அடிக்க வந்த கணவனையே விறகுக் கட்டையால் நாலு சாத்து சாத்தித் துரத்தியவள். பன்னிரண்டு வருடமாக மூன்றாம் கொட்டகை அவள் பொறுப்பு. அந்த வேலை போனால் அவளுக்கு வேறு கதி இல்லை.

தம்பியை அங்கே சேர்த்துவிட்டவளும் அவள்தான். அந்த மகானுபாவன் பத்தாம் நாளே, ஊசி போட்ட கோழிகளுக்கு அடையாளம் வைக்கிறேன் என்று வாலடியில் சிவப்புச் சாயத்தைத் தடவிவிட்டான். வழக்கமாகத் தடவும் நீலம் தீர்ந்துவிட்டதாம்.

மறுநாள் காலை அவள் கதவைத் திறந்தபோது கொட்டகையே சிவந்து கிடந்தது. கோழிக்கு எண்ணெய் ஊறும் முடிச்சு வாலடியில்தான் இருக்கிறது. அலகால் அதை அழுத்தி, எண்ணெயைத் தொட்டுத் தொட்டு இறகு இறகாகக் கோதிவிடும். பாவம், அன்றும் கோதியிருக்கின்றன. எண்ணெயோடு சாயமும் அலகில் ஒட்டி, கழுத்து, மார்பு, இறக்கை என்று உடம்பெல்லாம் ஏறிவிட்டது. சிவப்பைக் கண்டால் கோழி சும்மா இருக்குமா? ரத்தம் என்று நினைத்து ஒன்றையொன்று கொத்த, கடைசியில் நிஜ ரத்தமே வந்துவிட்டது. குடல் சரிந்து ஓடிய ஒன்றை ஐந்தாறு விடாமல் துரத்தின.

இடி உள்ளே பாய்ந்தாள். கொத்துப்பட்டும் உயிர் இருந்தவற்றை மட்டும் பிடுங்கிப் பிடுங்கிக் கூண்டில் அடைத்தாள். அவளுக்கும் கொத்து விழுந்தது. முழங்கை வரை சிவந்திருந்ததில் எது சாயம், எது கோழி ரத்தம், எது தன் ரத்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெளியே வந்தபோது தம்பியின் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார்.

“சிவப்பைப் பூசினது யாரு?”

தம்பி கை நீட்டினான். “அக்காதான் சார். கையைப் பாருங்க, இன்னும் கழுவக்கூட இல்ல.”

“இத்தனை வருஷம் இருந்தும் புத்தி இல்லையா உனக்கு?” என்றார் முதலாளி அவளிடம். “இனிமே இந்தப் பக்கம் வராத.”

கூடப் பிறந்தவன் சொன்னதுதான் அவள் நெஞ்சைச் சுட்டது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கொட்டகைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். அவன் காலில் செருப்பு இல்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியவன், கால்விரல் இடுக்கில் சொட்டியிருந்த சாயத்தைக் கவனிக்கவில்லை. கோழிகள் கவனித்தன.

“ஐயோ அக்கா, கதவைத் திற. நான்தான் பூசினேன். சார், நான்தான் சார்.”

முதலாளி தாழ்ப்பாளில் கை வைத்தார். இடி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். “கொஞ்சம் இருங்க. இன்னொரு தடவை சொல்லட்டும்.”

அவன் மூன்று தடவை சொன்ன பிறகே திறந்தாள். நொண்டிக்கொண்டே வந்தான், சுண்டுவிரல் நகம் பிய்ந்து தொங்கியது. இனி வர வேண்டாம் என்று முதலாளி இந்தத் தடவை அவனிடம் சொல்லிவிட்டுப் போனார். இடி தரையில் உட்கார்ந்து, முந்தானையைக் கிழித்து அவன் காலுக்குக் கட்டுப் போட்டாள். முடிச்சை இறுக்கியதும் ஓங்கி ஓர் அறை விட்டாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.