எண்பத்தெட்டாம் பாட்டு

பள்ளிச் சீருடை தைக்கும் அந்தக் கூடத்தில் நாற்பது பேர் வேலை செய்தார்கள். ஆனால் துணி வெட்டும் மின்கத்தியைத் தொடும் உரிமை ஒரே ஒருத்திக்குத்தான். அறுபது அடுக்குத் துணியை மேசையில் விரிப்பாள். அட்டை அளவை மேலே வைத்துச் சாக்பீஸால் கோடு போடுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டத்தில் அறுபது சட்டைக் கையையும் வெட்டி எடுத்துவிடுவாள். ஒரு நூல் பிசகாது. அதனால் அவளுக்குக் கட்டிங் அக்கா என்று பெயர். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. அறுபத்தெட்டு வயது முதலாளிகூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கைதான் இப்படி நிதானம். மனசு ஒரு இடத்தில் நிற்காது. எல்லாம் அந்த நாவல்கள் செய்த வேலை.

அவள் போகும் ஆலயத்தின் பின்னறையில் ஒரு இரும்பு பீரோ. அதுதான் சபையின் நூலகம். உள்ளே நூற்றுத் தொண்ணூறு புத்தகம், எல்லாம் ஒரே வகை: பழைய காலத்துக் கிறிஸ்தவக் காதல் கதை, நடுவில் ஒரு மர்மம். மாளிகைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு அநாதைப் பெண் வருவாள். அங்கே வாயே திறக்காத கப்பல் தலைவன் ஒருவன் இருப்பான். நாற்பதாம் பக்கத்தில் உயில் காணாமல் போகும், தொண்ணூறாம் பக்கத்தில் யாராவது செத்துக் கிடப்பார்கள், இருநூறாம் பக்கத்தில் கப்பல் தலைவன் முழங்கால் போட்டு மனம் திரும்புவான், கடைசிப் பக்கத்தில் கல்யாணம். சனிக்கிழமை நாலு முதல் ஆறு வரை பீரோ சாவி அக்காவின் கையில் இருக்கும். அத்தனையும் படித்து முடித்துவிட்டாள், சிலவற்றை நாலு தடவை.

படித்தது சும்மா விடுமா? ஒருமுறை சூப்பர்வைசரின் சாப்பாட்டு டப்பா காணாமல் போனது. அக்கா மூன்று பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள். நாலாவதாகச் சூப்பர்வைசரையே விசாரித்து, டப்பா அவர் வீட்டிலேயே இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து கொஞ்சம் தலைக்கனம் வேறு.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வரும் புத்தகத்தில் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் பார்ப்பாள். முன்பு யாரோ ஒரு புண்ணியவான், கொலைகாரன் யார் என்று சொல்லும் பக்கத்தையே கிழித்துக்கொண்டு போய்விட்டான். பாதிச் சபை இரண்டு மாதம் நிம்மதியில்லாமல் திரிந்தது. அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். அடியில் பென்சிலில் மணிமணியான கையெழுத்து: ‘நூலகப் பொறுப்பாளருக்கு: பாட்டு 214.’

சபையில் பாட்டை எண் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். அக்கா கைப்பையிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். 214, அடக்க ஆராதனைப் பாட்டு. முதல் வரியே, ‘மண்ணே மடி திற, உன் மகள் வருகிறாள்.’

அக்கா எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

உங்களையும் ஏன் சுற்றலில் விட வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அது கொலை மிரட்டல் அல்ல, காதல். எழுதியவர் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வாரநாளில் லிஃப்ட் பழுது பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை ஆர்கன். ஐம்பது வயது. மனைவி இறந்து எட்டு வருடமாகிறது. தங்கமான மனிதர்தான், ஆனால் வாயிலிருந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அக்காவை இரண்டு நிமிடம் பார்ப்பதற்காகவே சனிக்கிழமைதோறும் ஒரு நாவல் எடுத்துப் போவார். கதாநாயகிகளின் கண்ணீரைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஆலய வாசல் பெட்டியில் போட்டுவிடுவார்.

அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று. சபைக்குப் பாட்டுப் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்து நாலு வருடமாகிறது. அதில் வரிகள் மட்டும்தான், இசைக்குறிப்பு கிடையாது. குறிப்பு வேண்டுமென்றால் பழைய தடிப் புத்தகம்தான். எண்ணெல்லாம் அதில் வேறு. ஆலயத்தில் வாசிக்கும்போது சட்டைப் பையில் இரண்டு எண்ணும் எழுதிய ஒரு சீட்டை வைத்துக்கொண்டு எண்ணை மாற்றிக்கொள்வார். காதலுக்கு யார் சீட்டைப் பார்ப்பார்கள்? முப்பது வருடமாக மனசில் இருந்த எண்ணை அப்படியே எழுதிவிட்டார். பழைய 214, ‘விடியல் போல் வந்தாய், என் அறை வெளுத்தது.’

வேறு ஊரிலிருந்து அவருடைய மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். “அப்பா, உங்களுக்கு ரூம் ரெடி பண்ணிட்டேன், வந்துடுங்க.” மாதக் கடைசியில் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்குள் பதில் வந்தால் இங்கேயே இருப்பது, வராவிட்டால் பெட்டியைக் கட்டிவிடுவது என்று தனக்குத்தானே முடிவும் செய்துவிட்டார்.

பாவம், மனுஷன் அடுத்த வாரம் 61 என்று எழுதினார். பழையதில் அது வழித்துணை வேண்டும் பாட்டு. புதியதிலோ நியாயத்தீர்ப்பு: ‘உன் நாள் நெருங்கியது, ஓட இடமில்லை.’ அதற்கடுத்த வாரம் 140. இருவர் சேர்ந்து கட்டும் வீட்டைப் பற்றிய பாட்டு என்று அவர் நினைத்திருந்தார். அக்கா பார்த்ததோ, ‘வெள்ளம் வந்தது, வீடு விழுந்தது.’

“இந்தாங்க அண்ணி, முதல்ல சாவு, அப்புறம் நாள் குறிச்சாச்சு, இப்ப வீடும் போச்சு,” என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள் அக்கா.

அண்ணன் மனைவி பாடகர் குழுவின் தலைவி. எதற்கும் அசராதவள். “ஏம்மா, உன்னக் கொன்னு யாருக்கு என்ன கிடைக்கப் போகுது? பீரோ சாவிதான் கிடைக்கும்.”

“உயில் விஷயமா இருக்கலாம் அண்ணி.”

“எந்த உயிலு?”

“அதான் தெரியல. தெரிஞ்சா அப்புறம் என்ன மர்மம்?”

அண்ணி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அக்காவுக்குப் பயம் பயம்தான். அதோடு கொஞ்சம் குதூகலமும் இருந்தது என்பதை மறைப்பானேன்? துணி வெட்டும்போதும் யோசனை இதுதான். யார் பெயரில் புத்தகம் போனது என்று பதிவு நோட்டைப் பார்த்துப் பயனில்லை. அந்தச் சபையில் ஒரு புத்தகம் மூன்று வீடு சுற்றிவிட்டுத்தான் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் வந்து விழும். ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டரைச் சந்தேகித்தாள். பல் டாக்டரைச் சந்தேகித்தாள், அவரிடம் கூர்மையான ஆயுதங்கள் இருக்கின்றனவே. ஆர்கன்காரரை மட்டும் சந்தேகிக்கவில்லை. எந்த நாவலிலும் ஆர்கன் வாசிப்பவன் கொலை செய்ததில்லை.

“ஆண்டவரே, நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன்? இருந்தாலும் யாருன்னு நானே கண்டுபிடிச்சுக்கிறேன், நீர் எனக்கு உயிர மட்டும் காப்பாத்திக் குடும்,” என்று தினமும் ஜெபம் செய்தாள்.

மாதத்தின் கடைசி வாரம். 140 எழுதியிருந்த பக்கத்தில், அதற்குக் கீழே, பென்சில் முனை உடைய உடைய அழுத்தி எழுதினாள்: ‘எழுதியவருக்கு: பாட்டு 88.’ புதுப் புத்தகத்தின் எண்பத்தெட்டு, ‘ஓடு சாத்தானே ஓடு, உன் வேலை இங்கே செல்லாது.’ அந்தப் புத்தகத்தை மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்து, யார் எடுக்கிறார் என்று மறைந்திருந்து பார்ப்பது அவள் திட்டம். ஆனால் பள்ளி திறக்கும் நேரம். எண்ணூறு பாவாடை பாக்கி. சனிக்கிழமை முழுக்கக் கத்தியை விட்டு நகர முடியவில்லை. நூலகத்தில் அண்ணி உட்கார்ந்தாள்.

“யாரு அண்ணி எடுத்தா?”

“யாரோ எடுத்தாங்க. பேச்சு சுவாரஸ்யத்துல எழுத மறந்துட்டேன்.”

அக்கா அழாத குறை.

எடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஆலயப் படியில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தார். எண்பத்தெட்டு! பழைய புத்தகத்தில் அது கல்யாணப் பாட்டு, மணப்பெண் நடந்து வரும்போது வாசிப்பது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை பார்த்தார். உடனே மகனுக்குப் போன் போட்டு, “நான் வரலப்பா, இங்க எனக்கு வேலை இருக்கு,” என்றார். மறுநாள் காலையில் போதகரைத் தேடிப் போய், “இன்னிக்கு எண்பத்தெட்டு பாடலாமா ஐயா?” என்று கேட்டார். போதகர் தன் புத்தகத்தைப் புரட்டினார். அன்றைக்குப் பிரசங்கம் பிசாசின் சோதனைகளைப் பற்றி. “பிரமாதம்!” என்றார்.

ஆராதனை நடுவில் போதகர் எழுந்தார். “எல்லாரும் எழுந்து நின்னு எண்பத்தெட்டாம் பாட்டு பாடுவோம்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் எண்ணையே எடுத்து எனக்கு முன்னால் வீசுகிறானே பாவி! கழுத்தைத் திருப்பிப் போஸ்ட் மாஸ்டரையும் பல் டாக்டரையும் மாறி மாறி முறைத்தாள். அதற்குள் ஆர்கன் தொடங்கிவிட்டது. என்ன ஒரு வாசிப்பு! மெதுவாக, இனிமையாக, தேன் ஒழுகுகிற மாதிரி. அந்த மெட்டில் சபை, “ஓஓடு... சாஆத்தாஆனே...” என்று இழுத்தது. சாத்தானை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிற மாதிரி இருந்தது. வயதானவர்கள் பழைய ஞாபகத்தில் கல்யாண வரிகளையே பாடத் தொடங்கிவிட்டார்கள். ஒரு பக்கம் சாத்தானே, ஒரு பக்கம் மணமகளே. போதகர் கையைத் தூக்கிப் பார்த்தார். யார் நிறுத்தினார்கள்?

முன்வரிசையிலிருந்து அண்ணி திரும்பினாள். சிரிப்பில் மூச்சு முட்டியது. “ஏம்மா, இது கல்யாணப் பாட்டு மெட்டு! மனுஷன்கிட்ட எப்பவும் பழைய புத்தகந்தான், அதுல எண்ணே வேற. சீட்டப் பாத்துத்தான் மாத்தி வாசிப்பாரு, இன்னிக்கு என்ன ஆச்சோ! இந்தப் பாட்டு வேணும்னு கேட்டதே அவருதானாம்.”

அக்கா ஆர்கன் பக்கம் பார்த்தாள். அவர் அவளையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். எட்டு வருடத்தில் அந்த மனிதரின் பல் தெரிந்தது அன்றைக்குத்தான். சபை முழுக்க நின்றுகொண்டிருக்க, அக்கா மட்டும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலுக்குப் போனதும் நேராக ஆர்கனிடம் போனாள். தடிப் புத்தகத்தை இழுத்துப் புரட்டினாள். 214. 61. 140. ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்கக் காது இரண்டும் சூடாகிவிட்டன. இத்தனை அழகாக யாரும் அவளுக்கு எதையும் எழுதியதில்லை. கடைசியில் 88.

“மூணும் நீங்க எழுதினதா?”

“ம்.”

அக்கா தடிப் புத்தகத்தை மூடினாள். வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லாம் தானாக நல்லபடியாக முடிந்துவிடும். கல்யாணப் பாட்டைத்தான் அவள் பதிலாக அனுப்பினாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் அனுப்பியது அது இல்லையே. ஒரு பொய்யின் மேல் இந்த மனிதரை உட்கார வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. தன்னுடைய புதுப் புத்தகத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

“எங்ககிட்ட இருக்கிறது இது. நீங்க எழுதினத நான் இதுலதான் பாத்தேன்.”

அவர் பார்த்தார். மண்ணே மடி திற. கண்ணாடி நழுவியது. “ஐயையோ.”

“என்னக் கொல்லப் போறாங்கன்னு மூணு வாரமா நடுங்கிட்டு இருந்தேன்.”

“அப்ப... அந்த எண்பத்தெட்டு?”

“விரட்டுறதுக்கு எழுதினது.”

அவர் முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. ஆர்கன் மூடியை மெல்ல இறக்கினார். “மன்னிச்சிடுங்க. பயமுறுத்தணும்னு நினைக்கல. மகன்கிட்ட வர்றேன்னு சொல்லிடறேன்.” அவரிடமிருந்து அத்தனை வார்த்தை சேர்ந்து வந்ததே அதிசயம். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் படி இறங்கத் தொடங்கினார்.

“நில்லுங்க!”

நின்றார்.

“நான் விரட்டினது கொலைகாரன. நீங்க எதுக்கு ஓடறீங்க?”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“இனிமே எண்ணெல்லாம் வேண்டாம்,” என்றாள் அக்கா. குரல் நடுங்கியது, அதற்காகக் கோபமும் வந்தது. “கேக்க வேண்டியத வாயத் தொறந்து கேளுங்க.”

அவர் வாயைத் திறந்தார், மூடினார். பத்து மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டையெல்லாம் அசராமல் இறக்கியவர், ஆலயப் படியில் நின்று வியர்த்துக் கொட்டினார். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேவிட்டார். “என்னக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

இருபது வருடத்தில் பதினோரு பேர் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்டார்கள், அண்ணியிடம் கேட்டார்கள், போதகரிடம் கேட்டார்கள், ஒருவர் முதலாளியிடம்கூடக் கேட்டார். வயது, சம்பளம் எல்லாம் பேசி, அது சரி வராது என்று அவர்களே முடிவு செய்து கலைந்து போனார்கள். அவளிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

பதில் சொல்ல நினைத்தாள். ஆனால் தலையைத்தான் ஆட்டினாள். அவர்தான் கண்ணை மூடியிருக்கிறாரே, எங்கே பார்ப்பார்?

“சரி!” என்று கத்தினாள். வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அவர் கண்ணைத் திறந்தார். அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ கேளுங்க,” என்றாள்.