ஏஞ்சல் மீனுக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

பொய்ச் சாட்சி சொன்னேன். ஒரு மீனுக்கு எதிராக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதையும் ஒரு வேடிக்கைக் கதையாக்கி உங்களைச் சிரிக்க வைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் இத்தனை வருடமும் ஒத்திகை பார்த்தேன். ஆபீஸில் யாரைப் பற்றியும் கதை கட்டிச் சிரிக்கவைக்கிற அந்தோணிசாமிக்கு இந்தக் கதையை மட்டும் பாதிக்கு மேல் சொல்ல வருவதில்லை... ஆகவே எழுதிவிடுகிறேன்.

பெரம்பலூரில் எங்கள் ஆபீஸின் தலைமை குமாஸ்தா வைத்திலிங்கம் சார். அவர் மனைவி கமலம் அக்கா. தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டை என்ற சொல்லைக்கூடத் தாழ்ந்த குரலில் சொல்லும் குடும்பம். அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு மீன் தொட்டி! மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் விட்டுப் போனது. இரும்புச் சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி, மேலே சூட்டுக்காக ஒரு நாற்பது வாட்ஸ் பல்பு. உள்ளே ஒரே ஒரு ஏஞ்சல் மீன்.

வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை. கப்பல் பாய் போல் துடுப்பு. அது திரும்பினால் ஒரு பெரிய மனிதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு திரும்புவது போலிருக்கும். சார் அதற்கு ஜமீன்தார் என்று பெயர் வைத்திருந்தார். பேப்பர் படிக்கும்போது விரலால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவார். ஜமீன்தார் வந்து அவர் முகத்துக்கு நேரே நிற்பார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு.

"ஒத்தையா நிக்கிதே, பாவம். துணைக்கு நாலு மீன் வேணும்" என்றார் அக்கா.

ஏதோ நாலு மீனைப் பிடித்துப் போடுகிறவரா அவர்! நான் மாதம் இருமுறை ஆபீஸ் காகிதங்களோடு திருச்சி போய்வருகிறவன். அங்கே மீன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். நான் பதில் கொண்டுவருவேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஏறும். மோலி: சாது. ஃபைட்டர்: தனியாகத்தான். டைகர் பார்ப்: ஏஞ்சலின் துடுப்பைக் கடிக்கும், வேண்டாம். கப்பி: சாது, ஆனால் ஏஞ்சல் தின்னுமோ? அங்கே ஒரு கேள்விக்குறி. கடைக்காரர், "வளர்ந்த கப்பியா பார்த்து விடுங்க, வேளைக்குத் தீனி போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பியும் அந்தக் கேள்விக்குறியை அக்கா அழிக்கவில்லை.

"மேல போற மீனு, நடுவுல போற மீனு, அடியில கிடக்கிற மீனு... மூணும் இருந்தாத்தான் தம்பி தொட்டி நெறஞ்சாப்ல இருக்கும்" என்பார். மேலுக்குக் கப்பி, அடிக்குக் கெளுத்திக் குட்டி, மோலி எங்கும் திரியும். நடுவில் கூட்டமாகப் போக ஆறு சிவப்பு பார்ப். மூன்று மாத யோசனை!

ஐப்பசியில் ஒருநாள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நான்கு பிளாஸ்டிக் பைகள். மூன்றை மடியில் வைத்துக்கொண்டேன். நான்காவதை, சிவப்பு மீன் பையை, குலுங்காத இடமாகப் பார்த்து வைத்தேன். எங்கே தெரியுமா? டிரைவருக்குப் பக்கத்தில், என்ஜின் பானட்டின் மேல்!

பாடாலூர் தாண்டியபோது பையைத் தொட்டேன். கை சுட்டது. ஆறும் மல்லாந்திருந்தன.

"அக்கா, மீனை வேகவைத்துவிட்டேன்" என்று ஒரு சைவ வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? ஊருக்கு இரண்டு கல் இருக்கும்போதே, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தி இறங்கிவிட்டேன். கண்டக்டர் நான் இறங்கிய அவசரத்தைப் பார்த்துத் தண்ணீர் இருக்கும் திசையைக் கைகாட்டினார். அவர் நினைத்த காரியம் வேறு.

ஏரி நிரம்பியிருந்தது. கரையோரம் தண்ணீரின் மேல் குங்குமத்தைக் கொட்டிக் கலக்கியதுபோல் ஒரு கூட்டம் ஏறியும் இறங்கியும் போய்க்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியும். இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்: எனக்குத் தெரியும்! நான் வரதராஜன்பேட்டைக்காரன். ஏரியில் விழுந்து எழுந்தவன். அவை விரால் குஞ்சுகள். சின்னதில் அப்படித்தான் சிவந்து, ஒற்றுமையாய், அழகாய் இருக்கும். இரண்டு மாதத்தில் கறுத்து, வாய்க்கு அடங்கியதை எல்லாம் விழுங்கும். கறி தின்கிற வீடாக இருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பார்கள். அந்தச் சைவ வீட்டுக்கு விராலும் ஒன்றுதான், வெளிநாட்டு மீனும் ஒன்றுதான்... அதுவும் எனக்குத் தெரியும்.

துண்டை விரித்து ஆறு குஞ்சுகளை அள்ளினேன். அடியில் காவல் நின்ற தகப்பன் விரால் கணுக்காலில் வந்து முட்டியது. அதுவாவது நன்றாகக் கடித்திருக்கக் கூடாதா!

"என்னா கலரு தம்பி!" அக்கா கையைத் தட்டினார். "ஒண்ணை விட்டு ஒண்ணு பிரியமாட்டேங்குதே! இதுங்க பேரு என்னா?"

"சிலோன் ரோஸுக்கா." எங்கிருந்து வந்ததோ அந்தப் பெயர்!

"ஜமீன்தாரோட ஒத்துப்போவுமா அந்தோணி?" என்றார் சார்.

"தங்கமான பொறவிங்க சார்."

அக்கா நோட்டில் எழுதினார்: சிலோன் ரோஸ், சாது. பக்கத்தில், 'அந்தோணி தம்பி சொன்னது.'

இரண்டு நாளில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. குஞ்சுகள் நீண்டன. பசித்தால்தானே பக்கத்தில் இருப்பதைத் தின்னும் என்று ஒரு ஞானம் பிறந்தது எனக்கு. மாலைதோறும் ஆட்டு ஈரலைப் பொடியாக நறுக்கித் தீப்பெட்டியில் வைத்துச் சட்டைப்பைக்குள் கொண்டுபோய், அக்கா காபி கலக்கும் நேரம் பார்த்துத் தொட்டியில் போட்டேன். அந்த வீட்டுக்குள் ஈரல்! இதற்குத் தனியாக எத்தனை நரகம் என்று தெரியவில்லை.

"தம்பி, ஏதோ கவுச்சி வாடை அடிக்கல?"

"மீன் தொட்டின்னா அப்படித்தாங்க்கா."

ஈரல் தின்ற விரால்கள் அடங்கவில்லை. வளர்ந்தன! முதலில் தங்களுக்குள்ளேயே மூன்றைத் தின்றன. அக்கா காலையில் பூக்கட்டும்போது மீன்களை எண்ணுவார். பன்னிரண்டு கப்பி பத்தாயிற்று. பத்து ஆறாயிற்று. ஒரு மோலியைக் காணவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டனுப்பினார்கள். அக்கா மடியில் நோட்டு. அந்தக் கேள்விக்குறியின் மேல் அவர் விரல்.

"நான் அப்பவே சந்தேகப்பட்டேன். இதோட வேலைதான்."

"அது அப்படிப்பட்டது இல்ல கமலம்" என்றார் சார். ஆபீஸில் மேலதிகாரியிடம் எங்களுக்காகப் பரிந்து பேசும் அதே குரல். "தட்டினா வந்து நிக்குது. அது போயி இன்னொண்ணைத் தின்னுமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ மீன் பழக்கம் உள்ள ஊருக்காரன். உன் வார்த்தைய நான் நம்பறேன். சொல்லுய்யா."

தொட்டியின் மூலையில் மூன்று விரால்களும், கறுத்து, வயிறு புடைத்து, அசையாமல் கிடந்தன. ஜமீன்தார் நடுவில் நின்றார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை போதும்.

"நேத்து நான் கண்ணால பார்த்தேன் சார். ஜமீன்தார்தான். கப்பியோட வால் மட்டும் வாய்க்கு வெளியில துடிச்சுது."

அந்த வாலை ஏன் சேர்த்தேன்? யாரும் கேட்கவில்லையே! கதை சொல்கிறவனுக்கு இருக்கும் கெட்ட பழக்கம். சாட்சியையும் ருசியாகச் சொல்லத் தோன்றிவிட்டது. அந்த வாலைக் கேட்ட பிறகுதான் சார் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அவரே ஒரு செம்பில் ஜமீன்தாரை எடுத்துக் கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டியில் விட்டார். நான் என்ன செய்தேன்? ஜமீன்தார் போன பிறகும் கப்பி குறைந்தால் குட்டு உடைந்துவிடுமே! "அக்கா, இந்த ரோஸெல்லாம் கறுத்துப்போச்சு, சீக்கு மாதிரி தெரியுது" என்று மூன்று விரால்களையும் அன்றைக்கே வாளியில் போட்டுக்கொண்டுபோய் ஏரியில் விட்டேன். மறுநாளிலிருந்து ஒரு கப்பிகூடக் குறையவில்லை. பார்த்தீர்களா, ஜமீன்தார்மேல் குற்றம் எவ்வளவு சுத்தமாக நிரூபணமாயிற்று!

மார்கழிப் பனி. கொல்லைத் தொட்டிக்குப் பல்பு கிடையாது. ஒருநாள் சார் ஆபீஸுக்குத் தாமதமாக வந்தார். தலைவலி என்றார். விரல் நகத்தில் மண் ஒட்டியிருந்தது. அவரைச் சிரிக்கவைக்க அன்று ஒரு கதை சொன்னேன். நல்ல மனிதர், சிரித்தார்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது கோயிலில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மண்டியிட்டேன். "பொய்ச் சாட்சி சொன்னேன் சாமி."

"எந்த மனுசனுக்கு எதிரா?"

"மனுசன் இல்ல சாமி. மீனு."

திரைக்கு அந்தப்பக்கம் நாற்காலி குலுங்கியது. "மீனு போயிடுச்சு, சரி. அந்த வூட்டுக்காரரு இருக்காருல்ல? அவருகிட்ட சொல்லிட்டு வா. பாவப் பொறுத்தலை அப்புறம் பார்ப்போம்."

இன்னும் நான் பாவசங்கீர்த்தனத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அந்தச் சாமி மாற்றலாகிப் போய்விட்டார். வீட்டில் விரால் குழம்பு வைத்தால் எனக்கு ரசம்தான். ஏதோ நேர்த்திக்கடன் என்று என் மனைவி கோயிலில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறாள்!

சார் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். தொட்டி இருக்கிறது. பெரம்பலூரில் யார் புதிதாக மீன் வளர்த்தாலும் கமலம் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார்கள். கேள்விக்குறி இருந்த இடத்தில் இப்போது ஒரு வரி: 'ஏஞ்சல் சேராது. அந்தோணி தம்பி கண்ணால் கண்டது.' அரியலூரில் ஒரு டாக்டர் வீட்டில்கூட என் சாட்சியை நம்பி ஏஞ்சலை ஒதுக்கிவிட்டார்களாம்.

போன மாதம் போயிருந்தேன். சார் மெதுவாக ஆரம்பித்தார். "ஏன் கமலம், ஒரே ஒரு ஏஞ்சல் வாங்கி விட்டுப் பார்த்தா என்ன?"

அக்கா சிரித்தபடி என்னைக் காட்டினார். "சாட்சி இங்கதான குந்தியிருக்காரு, கேளுங்களேன்."

சார் என்னைப் பார்த்தார். ஆசையாக... ஒரு குழந்தை மிட்டாய்க் கடையைப் பார்ப்பதுபோல். நான் வாயைத் திறந்தேன். இந்த முறை சொல்லிவிடுவேன் என்றுதான் திறந்தேன், நம்புங்கள்!

"பெரிய தொட்டியா இருந்தா... பார்க்கலாம் சார்."

"விடுய்யா" என்று பேப்பரை எடுத்துக்கொண்டார். அக்கா காபி கலக்க உள்ளே போனார்.

கொஞ்சம் கழித்து, படித்தபடியே, தான் செய்வது தெரியாமல், விரலால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார். கப்பிகள் சிதறி ஓடின. எதுவும் வரவில்லை. அவர் பக்கத்தைப் புரட்டினார்.

எனக்கு மட்டும் அந்தத் தட்டல் கேட்டது.