கமோனிக்காவில் வைத்த வெள்ளிப் பாதம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நகைக்கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இடது காலா, வலது காலாம்மா?"

"வலது," என்றாள் என் தங்கை. சொன்னது போதாதென்று, தன் வலது காலைத் தரையில் ஒருமுறை தட்டியும் காட்டினாள்.

கடைக்காரர் தமிழ்நாட்டுக்காரர். சிரித்தார். "தகடுதானேம்மா. திருப்பிப் போட்டா இடதும் ஆச்சு. கவலைப்படாதீங்க."

அன்றைக்கு நாங்களும் சிரித்துவிட்டுத்தான் வந்தோம். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வெள்ளிப் பாதம். விரல்கள் ஐந்தும் பிரிந்து தெரியும். மற்றபடி இரண்டு பக்கமும் வெறும் வழுவழுப்பு. தங்கை அதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அது மச்சானின் காலுக்கான நேர்த்திக்கடன். மச்சான் என்றால் தங்கையின் கணவர். அதற்கு முந்தைய குளிர்காலம் அவருடைய வலது உள்ளங்காலில் நீரிழிவால் ஒரு புண் வந்து, ஆறாமல், ஆஸ்பத்திரியில் காலை எடுக்கும் பேச்சுவரை போனது. ஆஸ்பத்திரி நடையில் நின்றபடி தங்கை நேர்ந்துகொண்டாள். ஊரிலிருக்கும் மடு மாதாவுக்கு அல்ல, இங்கே மோர்டனில் அவள் ஞாயிறு தவறாமல் போகும் கோயிலுக்கும் அல்ல. வடஇத்தாலியில், ஆல்ப்ஸ் மலைக்குள், கமோனிக்கா பள்ளத்தாக்கின் மேலே இருக்கும் ஒரு சின்ன மாதா கோயிலுக்கு. லண்டனுக்கு வருவதற்கு முன் மச்சான் அந்தப் பள்ளத்தாக்கில் ஓர் இரும்பாலையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோயிலுக்கு ஏறிப் போவாராம்.

"ஏன் அவ்வளவு தூரத்து மாதா?" என்று கேட்டேன்.

"இந்தக் காலை அவவுக்குத்தான் தெரியும்," என்றாள் தங்கை.

கால் தப்பியது. புண் ஆறியது. வெள்ளிப் பாதத்தைக் கொண்டுபோய் வைக்கவேண்டிய கடன் மட்டும் நின்றது. போன இலையுதிர்காலம் மூவருமாகப் புறப்பட்டோம்.

நான் சேர்ந்துகொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் கோயிலின் பங்குமடலில் யாத்திரைக் குறிப்புகளை எழுதுகிறவன் நான். எந்தத் திகதியில் எங்கே எந்தப் பூசை, யார் வாசகம் வாசித்தார்கள் என்பதெல்லாம் பிசகாமல் இருக்கவேண்டும் எனக்கு. அதோடு, அந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளில் வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் செதுக்கிய உருவங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்று பல வருடங்களாக வாசித்து வைத்திருந்தேன். முதல் நாள் கோயில், மறுநாள் பாறை என்று பயணத்தை வகுத்ததும் நானே.

"கல்லுப் பாக்கத்தான் அண்ணை வாறார். மாதா சும்மா சாட்டு," என்றாள் தங்கை விமான நிலையத்தில்.

கோயிலுக்குப் போகும் வழி மூடியிருந்தது. மழையால் மேலேயிருந்து மண் சரிந்து, தெருவுக்குக் குறுக்கே சிவப்பு வெள்ளைத் தடுப்பு. நடைபாதையும் அதே சரிவுக்குக் கீழேதான் போகிறது. தடுப்பருகே நின்ற தொழிலாளியிடம் மச்சான் தன் துருப்பிடித்த இத்தாலிய மொழியில் நெடுநேரம் கதைத்தார். அந்த மனிதர் தோளைத் தூக்கி இறக்கினார்.

"திறக்கேக்க திறக்குமாம்," என்றார் மச்சான்.

தங்கை அங்கேயே நின்று மேலே பார்த்தாள். மரங்களுக்கு மேல் கோபுரத்தின் நுனி தெரிந்தது. மறுநாள் இரவு எங்களுக்கு விமானம். கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள். அப்போது எனக்குள் பாறைக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது என்ற எண்ணம் ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். குறிப்பு என்றால் எல்லாம்தான்.

மறுநாள் காலை பாறைகளிடம் போனோம். செஸ்நட் மரங்களுக்கு நடுவே, யானை முதுகுபோல் வழுவழுத்த சாம்பல் நிறப் பாறைகள். பனியாறு தேய்த்து வழவழப்பாக்கிய கற்கள் அவை. அவற்றின் ஓரமாகப் பலகைப் பாதையும் கயிறும் போட்டிருந்தார்கள். மச்சான் புதுச் சப்பாத்தோடு மெல்ல மெல்ல நடந்தார். வழியில் போட்டிருந்த ஒவ்வொரு வாங்கிலும் உட்கார்ந்தார்.

"எட, இந்தக் கல்லுகளில இருந்துதான் மத்தியானம் சோத்துப் பார்சல் சாப்பிடுறனாங்கள்," என்றார். "ஒரு கோடும் கண்டதில்லை."

காணாதது அவர் பிழையல்ல. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவு வாசித்தும், படங்கள் பார்த்தும், முன்னால் கிடந்தது வெறும் கல். வழிகாட்டும் பெண் வந்து கையிலிருந்த கண்ணாடியை வெயிலில் பிடித்து, வெளிச்சத்தைப் பாறைமேல் சரிவாக விழ விட்டார். பாறை முழுக்க மனிதர்கள் எழுந்துவிட்டார்கள். ஈட்டி பிடித்தவர்கள், கொம்பு கிளைத்த மான்கள், காலூன்றி நிற்கும் குடில்கள். கண்ணாடியைத் திருப்பினார். மறுபடி கல்.

இது எப்போது செதுக்கியது என்று கேட்டேன். மச்சான் மொழிபெயர்த்தார். அந்தப் பெண் கையை ஆட்டி, பாறையைச் சுற்றி வந்து, குந்தியிருந்து, எழுந்து, நெடுநேரம் பதில் சொன்னார்.

"என்ன சொல்றா?"

"தெரியாதாம்."

"இவ்வளவு நேரம் கதைச்சாவே!"

"ஓம். தெரியாது எண்டதைத்தான் விளக்கமாச் சொன்னவ."

பிறகு கொஞ்சம் விளங்கியது. ஒரே பாறையில், ஒன்றின்மேல் ஒன்றாக, ஆயிரக்கணக்கான வருடங்கள் யார் யாரோ வந்து செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கோடு இன்னொரு கோட்டை வெட்டிப் போனால் வெட்டியது பிந்தியது. இந்த முறை எனக்குப் பிடித்துக்கொண்டது. இது முந்தியது, அது பிந்தியது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் மானின் முதுகும் ஒரு மனிதனின் கையும் ஒரே பள்ளமாகத் தேய்ந்து கிடந்தன. எது எதை வெட்டியது என்று குனிந்து பார்த்தேன், மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் வாயைத் திறக்குமுன் மச்சானே மொழிபெயர்த்தார்: "தெரியாதாம்."

கடைசிப் பாறையில்தான் பாதங்கள் இருந்தன. கண்ணாடி வெளிச்சம் பட்டதும் ஒரு சோடிப் பாதங்களின் விளிம்பு மட்டும் எழுந்தது. சின்னப் பாதங்கள். அவற்றைச் சுற்றி, மேலும் கீழும், ஒற்றைப் பாதங்கள். யாரோ இப்போதுதான் நின்றுவிட்டு விலகியதுபோல. வந்தவர்களின் அடையாளமா, வளர்ந்த பிள்ளைகளின் சடங்கா, இறந்தவர்களா, தெய்வமா என்று பல விதமாகச் சொல்கிறார்களாம்.

அதுவரை வாயைத் திறக்காத தங்கை கேட்டாள். "இஞ்சேருங்கோ, கால் சுகப்பட்டவை வந்து கீறினதோ எண்டு கேளுங்கோ."

மச்சான் கேட்டார். அந்தப் பெண் இந்த முறை கையை ஆட்டவில்லை. யோசித்தார்.

"இருக்கலாமாம்," என்றார் மச்சான்.

"பாத்தியளோ!"

"இருக்கலாம் எண்டால்..." என்று நான் தொடங்கினேன். அதற்குள் அவள் கைலேஞ்சியை அவிழ்த்துக் கயிற்றுக்கு மேலால் குனிந்து, வெள்ளிப் பாதத்தைக் கல் பாதம் ஒன்றின்மேல் வைத்துவிட்டாள்.

வழிகாட்டி சத்தம் போட்டார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மச்சான் தொப்பியைக் கழற்றி, தன் காலைக் காட்டி, மேலே மலையைக் காட்டி, மண் சரிவைக் கையால் காட்டி என்னென்னவோ சொன்னார். அவர் அவ்வளவு வேகமாக இத்தாலிய மொழி கதைத்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அந்தப் பெண் மச்சானின் சப்பாத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். தங்கை கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கியிருந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பெண் கண்ணாடியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு படம் எடுத்தேன்.

பிறகு அவரே கயிற்றைத் தாண்டிப் போய்த் தகட்டை எடுத்து, தன் சட்டையில் துடைத்து, தங்கையின் கையில் வைத்தார்.

"இண்டைக்கு ஒண்டை விட்டா நாளைக்குக் காசு போடத் தொடங்கிடுவினமாம்," என்றார் மச்சான்.

மிலானுக்குத் திரும்பும் ரயிலில்தான் சண்டை வந்தது.

"வச்சிட்டுத் திருப்பி எடுத்தா அது காணிக்கையோ?" மச்சானுக்கு மனம் ஆறவில்லை.

"நான் எடுக்கேல்லை. அவதான் எடுத்துத் தந்தவ."

"ஆர், மாதாவோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ."

நான் சமாதானம் செய்ய நினைத்தேன். என் சமாதானம் எப்போதும் திகதியில்தான் தொடங்கும். "பிள்ளை, கால் எடுக்கத் தேவையில்லை எண்டு டொக்டர் காலமை சொல்லிட்டார். நான் பக்கத்தில நிண்டனான். உனக்கு அவை சொல்ல முதல், பின்னேரம் நீ நேர்ந்தனி. அப்ப கணக்குப் பாத்தா நேர்த்திக்கு முதலே..."

"அண்ணை," என்றாள் தங்கை. "மாதா என்ன கலண்டர் பாத்துக்கொண்டோ இருக்கிறவ? பின்னேரம் நான் கேப்பன் எண்டு அவவுக்குக் காலமையே தெரியும்."

மச்சான் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தார். கோடு எதை வெட்டிப் போனது என்ற என் முறைக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

லண்டனுக்கு வந்து சில நாட்களில் தங்கை போன் எடுத்தாள். குரல் கீழே போயிருந்தது. மச்சானின் காலில் ஒரு கொப்புளம். உடைந்திருக்கிறது. ஆறின புண்ணும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருந்தது.

"எந்தக் கால்?"

"இடது."

பிறகு அவள் கேட்டாள். "அண்ணை, நான் தகட்டை எந்தப் பக்கம் மேலால வச்சனான்?"

எனக்கு உடனே நகைக்கடைக்காரரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான் வந்திருக்கிறது என்று தெரிந்தது. வலது காலுக்கு நேர்ந்த பாதத்தை ஒருவேளை திருப்பி வைத்து, வைத்ததையும் திருப்பி எடுத்து, இப்போது இடது கால். கிளினிக்கில் தாதி புதுச் சப்பாத்து கடித்த புண் என்றுதான் சொன்னாராம், கிருமி பிடிக்காமல் பார்க்கவேண்டும் என்றாராம். தங்கை அதை நம்பாமல் இல்லை. ஆனாலும் கேட்டாள். "நீங்கள் எல்லாம் குறிச்சு வைக்கிறனீங்கள்தானே. படமும் எடுத்தனீங்கள். பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். அந்த ஒரே படத்தில் தங்கையின் மூடிய கண் தெரிகிறது. மச்சானின் தொப்பி தெரிகிறது. வெள்ளித் தகடு இருந்த இடத்தில் கண்ணாடி வெளிச்சம் பட்டுத் தெறித்து, ஒரு வெள்ளைத் திட்டு. பெருவிரல் எந்தப் பக்கம் என்றில்லை, அது பாதம் என்பதே தெரியவில்லை. கீழே இருந்த கல் பாதம் சோடியில் ஒன்றா, பக்கத்து ஒற்றையா என்றும் தெரியவில்லை. அது தெரிந்தாலும் என்ன? செதுக்கியவன் காலை மேலிருந்து பார்த்துக் கீறினானா, உள்ளங்காலைக் கீறினானா? ஒன்றென்றால் வலது, மற்றதென்றால் இடது. மூன்று நாள் இதையே வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, "சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவரட்டோ, பாறைக்குக் கொண்டுவரட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கொப்புளம் பாறைக்கு முன்னமே வந்ததா, பிறகா என்றாவது தெரிந்தால் நல்லது என்று தோன்றியது. மோர்டனில் தங்கை வீட்டுக்குப் போனேன். மச்சான் காலைக் கட்டோடு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார்.

"எப்ப வந்தது மச்சான்? விமானத்திலயோ, கோயில் தெருவிலயோ, கல்லடியிலயோ?"

"உமக்கு விசரே? காலில உணர்ச்சி இருந்தால் எனக்கேன் இந்தக் கிளினிக்? ஆணி ஏறினாலும் தெரியாது. பின்னேரம் காலுறையில ஈரத்தைக் கண்டுதான் எனக்கே தெரியும்."

தன் உடலில் வந்த புண்ணுக்கே அவருக்குத் திகதி தெரியவில்லை.

தங்கை தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "பாத்தனீங்களோ?"

நான் அன்று சொன்ன பதிலை இது போன்ற கேள்விக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பங்கில் யாருடைய முதல்நன்மைச் சடங்கு எந்த வருடம் என்று கேட்டு எனக்குப் போன் வரும்.

"பாத்தன். தெரியேல்லை," என்றேன்.

அவள் முகம் விழும் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் மச்சானின் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி. அப்ப ரெண்டுக்கும் எண்டு வைப்பம்," என்றாள்.

"அப்பிடி வைக்கேலுமோ?" என்றார் மச்சான்.

"அண்ணைக்கே தெரியேல்லை. பிறகு ஆருக்குத் தெரியப்போகுது?" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், பாதம் சுற்றிய கைலேஞ்சியைக் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். "தெரு திறந்தாப் பிறகு போவம். அதுவரைக்கும் இது உங்களிட்ட இருக்கட்டும். இஞ்ச கிடந்தா நான் ராவெல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்கிறன்."

அப்படித்தான் வெள்ளிப் பாதம் என் மேசைக்கு வந்தது. பங்குமடலுக்கு இதுவரை ஒன்றும் எழுதவில்லை. யாத்திரை போனோமா இல்லையா என்ற முதல் வரியே வரவில்லை. புண் காய்கிறது என்று நேற்று தங்கை சொன்னாள். அதையே சொல்லிவிட்டு, முழுக்க இல்லை என்றும் சொன்னாள். வெள்ளிக்கிழமை மறுபடி கிளினிக், நானும் கூடப் போகிறேன்.

தெரு திறக்கும்வரைக்கும் தகட்டை எந்தப் பக்கம் மேலாக வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கிடத்தாமல், இரண்டு புத்தகங்களுக்கு நடுவே குதிகாலில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.