யூதாஸ் புலம்பல் யாருடையது?

ஞானமேரி அக்காவிடம் வாக்குவாதம் செய்து ஜெயித்தவர் முதலியார்பேட்டையில் யாரும் கிடையாது. எதிர்வீட்டுக்காரனான நான் எத்தனையோ முறை முயன்று தோற்றிருக்கிறேன். கோரிமேட்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போடும்போது மற்ற நர்ஸுகள் எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்பார்கள். இவர், "வலிக்கும், பொறுத்துக்கோ" என்பார். பொய் சொல்லி ஆறுதல் தருவது அவருக்கு வராது.

அப்படிப்பட்டவர் முப்பது வருஷமாக ஒரே சண்டையை விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் சர்ச்சுப் பங்கில் புனித வாரத்தில் பாஸ்கா நாடகம் போடுவார்கள். இயேசு பாடுபட்டுச் செத்த கதை. அதில் கடைசியில் யூதாஸ் தன் துரோகத்தை நினைத்து அழுகிற பாட்டு ஒன்று உண்டு. நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை. ஆனாலும் அந்தப் பாட்டுக்காகவே போய் நிற்பேன்.

முத்தமிட்ட வாய்கழுவ மூணு கடல் போதலையே
வித்துவிட்ட கைகழுவ வீராம்பட்டணம் போதலையே

பாட்டு காலேஜ் பாடப் புத்தகத்துக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பதிவு செய்துகொண்டு போனார்கள். அப்போதுதான் வந்தது வம்பு. நாடகம் முழுவதையும் எழுதியவர் அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் என்று சர்ச் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைப் பிரேம்குமாரின் கட்சி சொன்னது. இல்லை, கதையை மட்டும்தான் சாமியார் சொன்னார், பாட்டெல்லாம் நாடக வாத்தியார் தனிஸ்லாஸ் கட்டியவை என்றார் அக்கா. தனிஸ்லாஸ் அவருடைய அப்பா. பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் நடத்தியதால் ஊரில் அவரைப் பிரெஞ்சு மரியாதையாக முசே என்றுதான் சொல்வார்கள்.

காலேஜ் பேராசிரியர் செந்தமிழ்ச்செல்வி நாடகத்தை நல்ல பதிப்பாக அச்சிட முன்வந்தார். விசாரித்துப் பார்த்து அக்கா பக்கம்தான் சாய்ந்தார். வீராம்பட்டினத்துக் கடலை இப்படிப் பாட வெள்ளைக்காரருக்கு வாய் வராது என்பது அவர் வாதம். அக்காவைப் பேட்டி எடுத்து யூடியூபிலும் போட்டார். அதில் அக்கா ஒரு சாட்சி சொன்னார். நாடகம் நடக்கும்போது வாத்தியார் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவருக்கும் அடி எடுத்துக் கொடுப்பது வழக்கம். யூதாஸ் புலம்பல் வந்தால் மட்டும் முசே திரையை விட்டு வெளியே வந்து, ஜனங்களோடு தரையில் உட்கார்ந்து கேட்பாராம். தன் பாட்டில் தனக்கே பிடித்தது அது, அதனால்தான் என்று அக்கா பெருமையாகச் சொன்னார்.

அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டுத்தான் லூர்துபிரகாஷ் வந்தான். ஏசி மெக்கானிக். அவன் அப்பா சவரிமுத்துதான் வருஷா வருஷம் யூதாஸ் வேஷம் கட்டியவர். பாஸ்காவில் வேஷம் பரம்பரையாக அந்தந்தக் குடும்பத்துக்கே இறங்கும். யூதாஸ் அந்தக் குடும்பத்துக்கு வாய்த்தது. நான் அக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் உட்காராமல் நின்றபடியே பேசினான்.

"அக்கா, முசே வெளிய வந்து ஒக்காந்தது நெசம். ஏன்னா அந்தப் பாட்டுக்கு அடி எடுத்துக் குடுக்க அவருக்குத் தெரியாது. எங்கப்பா வருஷத்துக்கு ஒரு மாதிரி பாடுவாரு. என்ன பாடப் போறாருன்னு முசேவுக்கே தெரியாது."

அக்கா அவனை வாசலைக் காட்டிப் போகச் சொன்னார். எனக்கும் கோபம்தான். ஊர் கூடித் தேர் இழுத்து நிலைக்கு வரும் நேரத்தில் கட்டை போட வந்திருக்கிறான் என்று திட்டினேன். அக்கா மட்டும் என்னோடு சேர்ந்து திட்டவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஒரு நாள் காலையில் அவரே என் வீட்டுக்கு வந்தார். மாதாவின் பாட்டுக்கு அப்பா அடி எடுத்துக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, பேதுருவுக்கும் பிலாத்துக்கும் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது, யூதாஸுக்குக் கொடுத்து ஒருநாளும் பார்த்ததில்லை என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்கூட்டர எடு, கோரிமேட்டுக்குப் போவணும்" என்றார்.

லூர்துபிரகாஷ் குடியிருந்தது அங்கேதான். அந்தப் பாட்டுக்கு அவன் அப்பா பேரைப் போடச் சொல்லப் போவதாக அக்கா சொன்னதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. தான் வந்தது முசே பேரை எடுக்கச் சொல்லத்தான், தன் அப்பா பேரைப் போடச் சொல்ல இல்லை என்றான். விஷயம் இதுதான்: வேஷம் ஒரு ராத்திரிதான், பேரோ வருஷம் முழுக்க. ஊரில் அவர்கள் வீடு யூதாஸ் வீடு. பூசையில் காணிக்கைத் தட்டை ஒருநாளும் சவரிமுத்து கையில் கொடுத்ததில்லை. காசுக்குக் காட்டிக்கொடுத்தவன் கையில் காசா என்று விளையாட்டுக்குச் சிரிப்பார்களாம். அந்த விளையாட்டில் லூர்துபிரகாஷின் அக்காவுக்கு வந்த வரன் ஒன்று தட்டிப்போனது. அப்பா செத்தபிறகு, அந்தப் பேரே தெரியாத இடமென்றுதான் கோரிமேட்டுக்கு வந்துவிட்டான். இப்போது மகள் ஆஷ்லினுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

"பேரு வேணாங்க்கா. அது வெளிய வந்துச்சுன்னா திரும்ப எங்கள யூதாஸ் வூடும்பாங்க."

அவன் சொல்லாமல் தன் வாயிலிருந்து அந்தப் பேர் வராது என்று அக்கா வாக்குக் கொடுத்தார். பங்கு மண்டபத்தில் கூட்டம் நடக்கும் நாளை மட்டும் சொன்னார். வரமாட்டேன் என்றான்.

அச்சுக்குப் போகும் முன் இரண்டு கட்சியையும் வைத்து முடிவு செய்வதற்கான கூட்டம் அது. முன்னதாகவே பேராசிரியரிடம் அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் பதறிவிட்டார். புகழெல்லாம் அந்த ஒரு பாட்டுக்குத்தான், அது போனால் உங்கள் அப்பாவை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், சாமியார் கட்சி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்றார். தெரியும் என்றார் அக்கா. கூட்டத்துக்குப் போகும் வழியெல்லாம் நானும் சொல்லிப் பார்த்தேன். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். பின்னால் இருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்த பார்வையில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

மண்டபத்தில் அக்கா மைக்கைப் பிடித்தார்.

"யூதாஸ் புலம்பல் எங்கப்பா கட்டுனது இல்ல. நான் தப்பா நெனச்சிட்டிருந்தேன்."

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. பிரேம்குமார் கட்சி கைதட்டியது. முப்பது வருஷம் எங்களைப் படுத்தியதற்கு இப்போதாவது வழிக்கு வந்தாயே என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். எனக்கு எழுந்துபோய் நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. அக்கா கைதட்டல் அடங்கும்வரை நின்றார். சாமியாரும் கட்டவில்லை என்றார். பிறகு யார் என்று கேட்டார்கள். பேர் தெரியும், சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றார். மண்டபமே சிரித்தது. பேரில்லாத பாட்டைச் சாமியார் பேரிலேயே போடுங்கள் என்று பிரேம்குமார் பேராசிரியரிடம் சொன்னார். பேராசிரியர் அக்காவைப் பார்த்தார். அக்கா மைக்கை விடவில்லை. யார் பேரையும் போடாதீர்கள், அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், உரியவன் வரும்வரை நான் விடமாட்டேன், இன்னும் முப்பது வருஷமானாலும் சரி என்றார்.

மறுபடி எழுந்த சிரிப்புக்கு நடுவில் பின்பக்கத்திலிருந்து பாட்டு கேட்டது. வாசலோரம் லூர்துபிரகாஷ் நின்றுகொண்டிருந்தான்; எப்போது வந்தானோ. அதே மெட்டு, ஆனால் யாரும் கேட்டிராத அடிகள்.

பெத்தவளே உன்முகத்தைப் பாக்கவழி இல்லையடி
பத்துமாசம் சுமந்ததெல்லாம் பாவமாப் போச்சுதடி

பாடி முடித்ததும், இதுவும் இன்னும் நிறைய அடிகளும் தனக்குத் தெரியும், அப்பா வருஷத்துக்கொன்றாய்ப் பாடியவை என்றான். பேராசிரியர் பேனாவை எடுத்தார். அவன் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் பேசினான்.

"எங்கப்பா சவரிமுத்து கட்டுனது. எழுதிக்கோங்க. யூதாஸ் வூட்டு சவரிமுத்துன்னே போடுங்க. வெறும் சவரிமுத்துன்னா இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது."